சாய்கோடும் ஒரு சின்னப் பெட்டியும்

போன வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து தன் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். பாக்கி 60,000 ரூபாய். "மினிமம் டியூ 3,000 ஒழுங்கா கட்டுறேன் மாமா, கடன் குறையவே மாட்டேங்குது" என்று கூடவே ஒரு குரல்பதிவு. வட்டி மாதம் மூன்றரை சதவீதம், வருடத்துக்கு 42. எங்கள் திருநெல்வேலியில் இதை ஒருவன் புல்லட்டில் வந்து வாசலில் நின்று கேட்டால் கந்துவட்டி. மின்னஞ்சலில் வந்தால் ஸ்டேட்மென்ட்.

வட்டியைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது அடியில் கிடந்த ஒரு வரி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர 'மாதங்கள்/ஆண்டுகள்' ஆகுமாம். ரிசர்வ் வங்கி போடச் சொன்ன எச்சரிக்கைதான். மாதங்களா, ஆண்டுகளா? எத்தனை? ஸ்டேட்மென்ட்டில் பைசா வரைக்கும் கணக்குப் போடத் தெரிந்த வங்கி, இந்த ஓர் இடத்தில் மட்டும் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. 2007-இல் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்த ராத்திரி, நியூஜெர்சியில் நான் விமான டிக்கெட் எடுத்தது கார்டில்தான். அதன்பின் மினிமம், மினிமம் என்றே வருடங்கள் போயின. நடுவில் வேறொரு வங்கித் தவணை நாலு நாள் பிந்தியதற்கு இந்தக் கார்டுக்காரர்கள் வட்டியை ஏற்றினார்கள், பழைய பாக்கிக்கும் சேர்த்து. கேட்டால், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறதே என்றார்கள்.

2010 மார்ச்சில் வந்த பில்லில் புதிதாக ஒரு சின்னப் பெட்டி. பாக்கி 3,000 டாலர், வட்டி 18 சதவீதம். இனி எதுவும் வாங்காமல் மினிமம் மட்டும் கட்டிவந்தால் 14 வருடம், மொத்தம் 6,500 டாலருக்கு மேல். மாதம் 108 டாலர் கட்டினால் 3 வருடம், மொத்தம் 3,900 சொச்சம். அந்த மாத மினிமம் 75. வெறும் 33 டாலர் கூட வைத்தால் பதினொரு வருடம் மிச்சம்! சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். 14 வருடத்தில் என் மகள் கல்லூரியே முடித்திருப்பாள்; அம்மாவைப் பார்க்கப் போன டிக்கெட்டுக்கு நான் அப்போதும் வட்டி கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

2009 மே 22 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் வேலை அது. அந்தச் சட்டத்தில் இன்னும் பல உண்டு. வட்டியை ஏற்ற 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 60 நாள் பாக்கி வைத்தாலொழிய பழைய கடனுக்கு ஏற்ற முடியாது. கல்லூரி வாசலில் டி-ஷர்ட்டை நீட்டிக் கார்டைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. எல்லாம் சரி. ஆனாலும் நான் கும்பிடுவது அந்தப் பெட்டியைத்தான். கடன் கொடுத்தவனையே வாங்கியவனுக்குக் கணக்குப்பிள்ளையாக்கிய பெட்டி அது.

இதையெல்லாம் சொன்னதும் பயல் மடக்கினான்: "அப்போ அங்க வட்டிக்கு உச்சவரம்பும் இருக்குமே, மாமா?"

இல்லை. வங்கி கார்டுகளுக்கு நாடு முழுமைக்குமான வரம்பு எதுவும் கிடையாது. வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை எங்கும் வாங்கலாம் என்று 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1980-இல் சவுத் டகோட்டா தன் உச்சவரம்பையே எடுத்தது. சிட்டிபேங்க் தன் கார்டு வியாபாரத்தை அங்கே கொண்டுபோனது. எங்கள் பக்கம் கந்துவட்டிக்காரன் ஊர் மாறினால் போலீசுக்குப் பயந்து மாறுவான். இங்கே தோரணம் கட்டி அழைத்தார்கள். நான் கும்பிடும் சட்டத்திலேயே, தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம் என்ற பிரிவும் தொற்றிக்கொண்டு வந்தது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு!

நம் ஊரை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. அநியாய வட்டியைக் குற்றம் என்று சொல்லிச் சிறைக்கு அனுப்ப 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலைநாளில் மூடாவிட்டால் வங்கி நாளுக்கு 500 ரூபாய் அபராதம் தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. இங்கே அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் கந்துவட்டிச் சட்டத்தின் கை வங்கி வாசலோடு நின்றுவிடுகிறது. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

வரம்புதான் இல்லை, பெட்டியாவது இருக்கட்டும் என்று பென்சிலை எடுத்தேன். அவன் கட்டும் 3,000-இல் வட்டி 2,100, அதன்மேல் ஜிஎஸ்டி 378. அசலில் கழிவது 522. பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும், சூட்சுமமே அங்கேதான். இப்படியே போனால் ஆறரை வருடத்தில் 1,72,000 ரூபாய் கட்டியிருப்பான், 30,000 அப்படியே நிற்கும். கார்டை உறையில் போட்டுவிட்டு மாதாமாதம் குறைக்காமல் 3,231 கட்டினால் மூன்றே வருடத்தில் கதை முடியும். ஒரு தாளில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு, படமெடுத்து அனுப்பினேன்.

"231 ரூபாதானா மாமா? இத பேங்க்லயே சொல்லிருக்கலாமே?"

அதைத்தான்டா மாப்ளே ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.