இட்லிப் பொடியில் வேர்க்கடலை உண்டா?

மதியம் மூன்று மணிக்கு வந்த அந்த போன், அவருடைய குட்டித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சென்னையிலிருந்து ஓர் அம்மா. “உங்க இட்லிப் பொடியில வேர்க்கடலை இருக்காங்க? என் பையனுக்கு ஆகாது. கொஞ்சம் பட்டாலே உதடு வீங்கி, மூச்சுத் திணறும். உங்க சைட்ல எதுவும் போடலை, அதான் கேட்டேன்.”

இருக்கிறது. மதுரையில் அவருடைய மாமியார் அரைக்கும் பொடியில், எள்ளோடு ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேரும். “வாங்காதீங்கம்மா” என்று சொல்லி போனை வைத்தவர், லேப்டாப்பைத் திறந்தார். ‘எதுவும் போடலை’யா? போன வாரம்தானே இரண்டு ராத்திரி கண்விழித்து, ஒவ்வொரு பலகாரத்துக்கும் என்னென்ன சேர்மானம் என்று டிக் செய்து வைத்தார்?

உள்ளே டிக் எல்லாம் பத்திரமாக இருந்தன. வெளியே, வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில், ‘சேர்மானம்’ என்ற தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளை.

பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர் அவர். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று பன்னிரண்டு வருடங்கள் ஓடிய பிறகு, அத்தையின் பலகாரங்களுக்காக வேர்ட்பிரஸ்ஸில் தானே ஒரு வெப்சைட் கட்டினார். சாதாரணப் பதிவாகப் போடாமல் ‘பலகாரம்’ என்று தனி வகையே உருவாக்கினார். கஸ்டம் போஸ்ட் டைப் என்பார்கள். 2010இல் வந்த வேர்ட்பிரஸ் 3.0 முதல் பரவலான வசதி. அதற்கென்றே ‘சேர்மானம்’ என்ற டாக்ஸானமியையும் அமைத்தார்.

கோளாறு டெம்ப்ளேட்டில் இருந்தது. பழைய பழக்கத்தில் ‘கெட் த கேட்டகரி’ என்ற கட்டளையை எழுதியிருந்தார். அது வேர்ட்பிரஸ்ஸோடு வரும் ‘கேட்டகரி’ என்ற ஒரே டப்பாவை மட்டும்தான் திறந்து பார்க்கும். நாமாக வாங்கி வைத்த டப்பா அதன் கண்ணில் படாது. அங்கே ஒன்றும் இல்லை என்றால் சத்தம் போடாமல் வெறுங்கையோடு திரும்பிவிடும். சிவப்பில் ஒரு எரர் வந்திருந்தால்கூட அன்றைக்கே கவனித்திருப்பார். உணவுப் பொட்டலத்தில் ஒவ்வாமை தரும் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் வேர்க்கடலையும் உண்டு. பாக்கெட் ஸ்டிக்கரில் சரியாக அச்சடித்தவர், பக்கத்தில் கோட்டைவிட்டார்.

‘கெட் த டெர்ம்ஸ்’ என்று மாற்றி, பதிவின் எண்ணையும் ‘சேர்மானம்’ என்ற பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். ‘எள், வேர்க்கடலை, உளுந்து’ என்று வரிசையாக வந்து நின்றன. அப்பாடா என்று அடுத்த பக்கத்துக்குப் போனால், சீடைக்கு மேலே நீளமாக ஒரு வார்னிங். சீடைக்கு டிக் செய்ய மறந்திருக்கிறார். சேர்மானம் ஒன்றும் பதிவாகாவிட்டால் அந்தக் கட்டளை ‘ஃபால்ஸ்’ என்று பதில் தரும். டாக்ஸானமி பெயரைத் தப்பாக எழுதினால் எரரைத் தரும். இரண்டையும் கேட்டுப் பார்த்த பிறகே லூப்புக்குள் போக வேண்டும்.

ஓர் ‘இஃப்’ போட்டால் வார்னிங் போய்விடும். ஆனால் மறுபடியும் அதே வெள்ளை இடம்தானே வரும்? அதைப் பார்க்கும் ஓர் அம்மா, ‘ஒன்றும் இல்லை போல’ என்று நினைத்துவிட்டால்? அவர் கை அங்கேதான் நின்றது. ரொம்ப நேரம் யோசித்து ‘எல்ஸ்’ பகுதியில் இப்படி எழுதினார்: ‘சேர்மான விவரம் இன்னும் பதிவாகவில்லை. தயவுசெய்து போனில் கேட்டுவிட்டு வாங்கவும்.’

சாயந்திரம் அத்தையிடம் பக்கத்தைக் காட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்த அத்தை, பருப்புப் பொடியில் நின்றார்.

“ஏம்மா, இதுல கடலை இல்லைன்னு இருக்கே?”

“இல்லைதானே அத்தை?”

“போடுறதில்லைதான். ஆனா இட்லிப் பொடி அரைச்ச அதே ஜார்லதானே இதையும் அரைக்கிறோம்?”

அதை எந்த டிக்கும் சொல்லாது. எல்லாப் பலகாரத்தின் கீழும் வரும்படி, அந்த டெம்ப்ளேட்டிலேயே இன்னொரு வரி சேர்ந்தது: ‘வேர்க்கடலை புழங்கும் சமையலறையில் தயாரானது.’

“அந்தப் பிள்ளைக்கு எள்ளுருண்டையாவது அனுப்பலாமா?”

“கடலை உருண்டை பிடிக்கிற அதே தாம்பாளம்தானே அத்தை?”

“அப்ப வேணாம்” என்று சொல்லிவிட்டு, அத்தை ஜாரைக் கழுவ எழுந்து போனார்.