பின் சக்கரத்தைக் கழற்றத் தெரிய வேண்டும்

திருவக்கரையைச் சுற்றியுள்ள சாலைகளில் தூசிக்குக் குறைவில்லை. கல்குவாரியும் கிரஷரும் உள்ள பகுதி. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் போகும் வழியெல்லாம் வெள்ளைத்தூள் படிந்து கிடக்கும். அங்கேயே தேசியக் கல்மரப் பூங்காவும் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த மரங்களில் மரத்தின் பொருள் போய், அந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்திருக்கிறது. மணலிலும் கல்தூளிலும் குவார்ட்ஸாகக் கலந்திருப்பதும் அதே சிலிக்காதான். அது சாதாரண எஃகைவிடக் கடினமானது. எண்ணெய்ப் பசையுள்ள செயினில் அது போய் ஒட்டிக்கொண்டால், பின்னையும் உருளையையும் பல்சக்கரத்தின் பல்லையும் விடாமல் அரம் போட்டுக்கொண்டே இருக்கும். சர்வீஸ் கையேடு கிலோமீட்டர் கணக்கில் பேசுகிறது. தார்ச்சாலையில் ஓடிய 3,000 கிலோமீட்டரும் கிரஷர் வழியில் ஓடிய 3,000 கிலோமீட்டரும் பின் சக்கரத்துக்கு ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கக்கூடியவர் தினமும் அந்த வண்டியில் உட்காருகிறவர் மட்டும்தான். ஆகவே, இந்தப் பக்கத்தில் பைக் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பின் சக்கரத்தைத் தாங்களே கழற்றி, பார்த்து, சரியாகத் திருப்பி மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

ஆக்சில் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறது என்று நினைக்கிறார்கள். மாட்டுவண்டியைப் போலத்தான் இதிலும்: அச்சு நிற்கும், சக்கரம் சுற்றும். ஆனால் மாட்டுவண்டியில் அச்சின் மேலேயே சக்கரம் உரசிச் சுற்றுவதால், மை போடாவிட்டால் அச்சு தேயும். பைக்கில் உரசல் முழுவதையும் பேரிங் ஏற்றுக்கொள்கிறது. நட்டை முறுக்கும்போது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரு கைகள், இடையிலுள்ள புஷ்கள், பேரிங்கின் உள்வளையங்கள் எல்லாம் ஒரே அடுக்காக இறுகிவிடும். ஆக்சில் அந்த அடுக்கைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட். அதனால் அதற்கு எமன் தேய்மானம் அல்ல, துரு. மழைநீரும் வாட்டர் சர்வீஸ் நீரும் உள்ளே இறங்கித் தங்கினால், ஆக்சில் பேரிங்கின் உள்வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும். சில வருடம் யாரும் உருவாத ஆக்சிலைப் பிறகு சுத்தியால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்; அடித்த அடியில் மரை நசுங்கும், பேரிங்கும் அடிவாங்கும். ஆக்சிலின்மேல் மெல்லிதாகத் தடவும் கிரீஸ் அடுத்த முறை சுலபமாகக் கழல்வதற்காக. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் உருவித் துடைத்து கிரீஸ் பூசி மாட்டினால் போதும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கழற்றுவதற்கு முன்பே நிறையத் தெரிந்துகொள்ளலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் போயிருக்கிறது; ஸ்விங் ஆர்மும் கூடவே ஆடினால் அதன் புஷ். கியரை நியூட்ரலில் போட்டுக் கையால் சுற்றும்போது கரகரவென்ற சத்தம் வந்தால் அதுவும் பேரிங்தான். ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் பின்னால் ‘டக்’ என்று ஒரு இடி விழுந்தால், ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். செயின் விஷயத்தில்தான் அக்கறையுள்ளவர்களே கெடுதல் செய்துவிடுகிறார்கள். சத்தம் வருகிறதே என்று இறுக்குகிறார்கள். வெறும் வண்டியில் ஸ்விங் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கணவனும் மனைவியும் குழந்தையும் ஏறி உட்கார்ந்தால் அது மேலே எழும்பும். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் மூட்டு, ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயினுக்கான தூரம் அதிகமாகி, மிச்சமிருந்த தொய்வும் போய்விடும். அந்த இழுப்பைப் பின் சக்கர பேரிங்கும் கியர்பாக்ஸ் பேரிங்கும் சுமக்கின்றன. 100 சி.சி. வண்டிகளில் கீழ்ச் செயினின் நடுவில் சுமார் 25 மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில்தான் அளக்க வேண்டும். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது: அதில் ஏற்கெனவே இரும்புத்துகள் இருக்கிறது. மண்ணெண்ணெயில் துடைத்து, 90 கியர் ஆயிலைச் சிறிதளவு விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் கனமானது. பின் சக்கரம் உயிர் சம்பந்தப்பட்டது, தெரியாதவர் கை வைத்தால் விபத்து என்பார்கள். உண்மைதான். நட் தளர்ந்தால் சக்கரம் கோணும். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும் ஸ்டே கம்பியை மாட்ட மறந்தால், பிரேக்கை மிதித்த கணமே பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். ஆனால் நம் வண்டிகளின் பின் சக்கரத்தை இப்போது அதிகமாகக் கழற்றுவது யார்? ட்யூப் டயர் வண்டியென்றால், பஞ்சர் கடைக்காரர். அவர் நல்ல தொழிலாளிதான். அவர் வேலை ட்யூப்பை ஒட்டுவது. சாலையோரத்தில், அடுத்த வண்டி காத்திருக்க, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல், கைப்பழக்கத்தில் முறுக்கி அனுப்புகிறார். இரண்டு பக்கச் செயின் அட்ஜஸ்டரின் கோடுகளும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த அவசர வேலையைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் ஆபத்து குறையும். அவர் வண்டியின் சொந்தக்காரராக இருப்பதே இயல்பு. ஒரு டார்க் ரெஞ்சை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. புது வண்டிகள் வீட்டு வேலைக்கு அடங்காதவை என்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., அதற்குட்பட்டவற்றுக்குக் குறைந்தது சி.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. சி.பி.எஸ். வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். ஆகவே பிரேக்கைச் சரிசெய்யும்போது கையேட்டின் வரிசையை மீறக் கூடாது. பின் சக்கரத்திலும் ஏ.பி.எஸ். சென்சார் உள்ள வண்டியைக் கழற்றும் வேலை சர்வீஸ் சென்டருக்கே போகட்டும். பேரிங்கை அடித்து இறக்குவது, ரிம் கோணலை ஸ்போக்கில் எடுப்பது ஆகியவையும் வீட்டில் செய்யக்கூடியவை அல்ல. சொந்தக்காரரே சக்கரத்தைப் பார்ப்பதால் மெக்கானிக்கின் பிழைப்பு கெடாது. பேரிங் ஆடும்போதே தெரிந்துகொண்டு வருகிற வாடிக்கையாளருக்குப் பேரிங் மட்டும் மாற்றினால் போதும். ஹப்பே தேய்ந்தபின் தள்ளிக்கொண்டு வருகிறவரிடம் மெக்கானிக் பெரிய பில்லையும் நீட்ட வேண்டும், திட்டையும் வாங்க வேண்டும்.

தொடங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துடைக்காதீர்கள். விரல் போய்விடும், சக்கரத்தைக் கையால்தான் உருட்ட வேண்டும். பிரேக் ஷூவின் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முழுச் சக்கரத்தையும் கழற்ற இன்னும் துணிவு வராதவர்கள்கூட ஒன்றை இன்றே தொடங்கலாம்: பஞ்சர் கடையிலிருந்து வீடு வந்ததும் ஆக்சில் நட், ஸ்டே கம்பியின் நட், இரண்டு அட்ஜஸ்டர் கோடுகள், செயின் தொய்வு ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.