பழைய காரில் மறுபடியும் குளிர்

எங்கள் 1993 மாருதி 800-இல் ஏசி ஓடிப் பத்து வருஷம் ஆயிற்று. கூமாப்பட்டி மலைக்காற்றில் அதற்குத் தேவை இருக்கவில்லை. இந்தச் சித்திரையில் மனைவிக்கு மதுரையில் சிகிச்சை தொடங்கியது. வெயிலில் போய்த் திரும்புவதற்குள் அவள் துவண்டுவிடுவாள்.

ராஜபாளையத்தில் ஒருவர், கேஸ் அடித்தால் போதும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் தம்பியோ, "கேஸ் எதுல போச்சுன்னு பாக்காம அடிச்சா ஓட்டைப் பானைதான் சார்" என்றார்.

அந்தக் காலத்து வண்டிகளில் ஆர்-12 வாயு. ஓசோனைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது ஒழிக்கப்பட்டது. இப்போது ஆர்-134ஏ. அதற்குப் பழைய ஆயில் ஒத்துவராது. கம்ப்ரஸரைக் கையால் சுற்றிப் பார்த்தார், இறுகவில்லை. ஆயில், ரப்பர் வளையங்கள், டிரையர் மூன்றையும் மாற்றினார். வேக்குவம் பம்பு வைத்து உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியும் மீட்டர் முள் அசையவில்லை. கசிவில்லை என்று தெரிந்த பிறகே கேஸ் ஏற்றினார்.

போன வாரம் மதுரையிலிருந்து கிருஷ்ணன்கோவில் வரை அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மழைக்காலத்திலும் வாரம் பத்து நிமிஷம் ஏசியை ஓட விடுங்கள். கேஸோடு சுற்றும் ஆயில்தான் ரப்பர் காயாமல் காக்கிறது.