பீங்கான் தட்டு வாங்குவது எப்படி?

கோட்டைக்குப்பத்தில் எனக்கு ஒரு பேரன் உண்டு. கோட்டைக்குப்பம் என்றதும் புதுச்சேரி நண்பர்கள் முத்தியால்பேட்டையைத் தாண்டி இருக்கும் கோட்டக்குப்பத்தை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவக் கிராமத்தை. பேரனும் சொந்தப் பேரன் அல்ல, என் நண்பரின் மகன் வயிற்றுப் பேரன். நண்பர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பையன் சென்னையில் கேட்டரிங் படித்துவிட்டு, இப்போது செக் நாட்டில் கார்லோவி வாரி என்ற ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான்.

போன மார்கழியில் ஒருநாள் ராத்திரி போன் செய்தான்.

"தாத்தா, தங்கச்சி கல்யாணத்துக்கு இங்கேருந்து டின்னர் செட் வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். ரெண்டு செட் வாங்கணும். வீட்டுல புழங்க சாதாரணமா ஒண்ணு, வெளியாளுங்க வந்தா வைக்க ஒசத்தியா ஒண்ணு. எப்படிப் பாத்து வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனிடம் இதை ஏன் கேட்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். எந்த வீட்டில் எந்தக் கோப்பையைக் கையில் கொடுத்தாலும், குடித்து முடித்ததும் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். சின்ன வயதில் அவன் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

இந்தப் பழக்கம் வந்த கதையைச் சொல்கிறேன். என் பெரிய மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து சைகோனிலிருந்து திரும்பியவர். வரும்போது ஒரு தேநீர் செட் கொண்டுவந்தார். வெள்ளைப் பீங்கான், விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. அது கண்ணாடி அலமாரியில் பூட்டியே இருந்தது. ஒருநாள் ஒரு கோப்பையின் காது உடைந்துபோயிற்று. உடைந்ததை என் அம்மா தூக்கிப் போடவில்லை. கொல்லைப்புற மதில்மேல் கவிழ்த்து வைத்தார். வைத்திக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவுக்கு அதில்தான் காபி ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அந்த அம்மாவே கழுவி, திரும்ப மதில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் வேறு யாரும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

கவிழ்ந்தே இருந்ததால் அதன் அடிப்பாகம் எப்போதும் கண்ணில் படும். எனக்கு எட்டு வயது இருக்கும். பள்ளியில் பிரெஞ்சில்தான் எல்லாப் பாடமும். புதிதாக எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளை கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கும் இல்லையா? அப்படிக் கோப்பையின் அடியைப் படித்தேன்: செக்கோஸ்லொவாக்கி. பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்கச் செய்தது என்பதால் நாட்டின் பெயரைப் பிரெஞ்சிலேயே போட்டிருந்தார்கள். "என்ன சின்னய்யா எழுதியிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். "ஒரு ஊர் பேரு" என்றேன். "எம்மாம் பெரிய பேரு!" என்று சிரித்தார்.

ஆகையால் பையனுக்கு நான் சொன்ன முதல் பாடம் அதுதான்: கவிழ்த்துப் பார். செக் பீங்கானில் அடி முத்திரை ஒரு ஜாதகம் மாதிரி. 1918-க்கு முன் அந்தப் பகுதி ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் இருந்ததால் ஆஸ்திரியா என்றோ, கார்ல்ஸ்பாத் என்றோ இருக்கும். கார்லோவி வாரியின் ஜெர்மன் பெயர்தான் கார்ல்ஸ்பாத். 1918-க்குப் பிறகு 1992 வரை, நடுவில் வந்த யுத்த காலம் நீங்கலாக, செக்கோஸ்லோவாகியா. 1993-லிருந்து செக் குடியரசு. நாட்டின் பெயரோடு தொழிற்சாலையின் பெயரும் இருக்க வேண்டும். வெறும் பூவும் கிரீடமும் போட்டு ஊர் பேர் இல்லாமல் இருந்தால் யோசிக்க வேண்டும்.

பையன் இருக்கும் இடம் இதற்குப் பிறந்த இடம். கார்லோவி வாரி பக்கம் செத்லெட்ஸ் என்ற ஊரில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் உலகப் பிரசித்தம். 1792-ல் ஹோர்னி ஸ்லாவ்கோவிலும், 1794-ல் க்ளாஷ்டெரெட்ஸிலும், 1803-ல் பிர்கென்ஹாமரிலும் தொழிற்சாலைகள் தொடங்கினார்கள். துன் என்ற கம்பெனி இன்றும் 1794 என்பதைத் தன் பெயரோடு சேர்த்தே போட்டுக்கொள்கிறது. ரோஜா நிறப் பீங்கானும் அந்தப் பக்கத்துச் சரக்குதான்.

அடுத்து, இது உண்மையான பீங்கானா என்று பார்க்க வேண்டும். தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் கை விரல்களை வைத்தால் நிழல் தெரிய வேண்டும். ஹோட்டலுக்கென்று கனமாகச் செய்ததில் தெரியாது, அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. தட்டை ஐந்து விரல் நுனியில் ஏந்தி, விளிம்பை நகத்தால் சுண்டினால் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் நின்று கேட்க வேண்டும். 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது.

'போன் சைனா' வேறு, இது வேறு. போன் சைனாவில் எலும்புச் சாம்பல் சேரும், பெரும்பாலும் மாட்டெலும்பு. சைவக் குடும்பங்கள் பலர் தெரியாமலே வாங்கி வைத்திருக்கிறார்கள். செக் நாட்டில் வழக்கமாகச் செய்வது வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்த்து, இரண்டாம் சூட்டில் ஏறக்குறைய 1,400 டிகிரி வரை சுட்டு எடுக்கும் கெட்டிப் பீங்கான். புழக்கத்துக்கு நல்லது.

மூன்றாவது, சித்திரம் பூச்சுக்கு அடியிலா, மேலேயா? தட்டைச் சாய்த்து விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே தீட்டியது லேசாகத் தடிப்பாகத் தட்டுப்படும், நாள்பட நாள்படத் தேயும். அடியில் தீட்டியது கண்ணாடி மாதிரி வழுக்கும், எத்தனை வருடமானாலும் போகாது. தங்கக் கோடு போட்டது கண்ணுக்கு அழகுதான். ஆனால் மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். நம் வீட்டுத் தேங்காய் நாருக்கும் சாம்பலுக்கும் ஆறு மாதம் தாங்காது.

நான்காவது, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். ஆடக் கூடாது, இடைவெளி கோணலாகத் தெரியக் கூடாது. அடி வளையத்தில் பூச்சு இருக்காது. அது சொரசொரப்பாக இருந்தால் கீழே இருக்கும் தட்டைக் கீறிவிடும். பூச்சில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் இருந்தால் வேண்டவே வேண்டாம். நம் மஞ்சளும் மிளகாயும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை தேய்த்தாலும் வெளியே வராது.

ஐந்தாவதாகச் சொல்வதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அங்கே சாதாரணமாக ஆறு பேருக்குப் பதினெட்டு உருப்படி என்று விற்பார்கள்: தட்டையான பெரிய தட்டு ஆறு, குழிவான சூப் தட்டு ஆறு, சின்னத் தட்டு ஆறு. நம் சாப்பாட்டுக்குக் குழித் தட்டுதான் தட்டு. பெரிய தட்டில் ரசம் ஊற்றினால் மேசைக்கு ஓடிவிடும். அதனால் குழித் தட்டைத் தனியாகக் கூடுதலாக வாங்கக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். உதிரியாகக் கிடைக்கிற, வருடக்கணக்காக நிறுத்தாமல் செய்துவருகிற வகையாகப் பார்த்து வாங்கினால், உடைந்ததற்கு மாற்று வாங்கலாம்.

அப்படி நிறுத்தாமல் செய்துவருவதில் ஒன்றுதான் நீல வெங்காயத் தட்டு. பையன் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அது பெயருக்குத்தான் வெங்காயம். சீனத் தட்டுகளில் இருந்த மாதுளம்பழத்தையும் பீச் பழத்தையும் பார்த்து, 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன் தொழிற்சாலையில் வரைந்தார்கள். அந்தப் பழங்களைப் பார்த்தறியாத ஜனங்கள் வெங்காயம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். செக் நாட்டில் டுபி என்ற ஊரில் 1885 முதல் இதைச் செய்கிறார்கள். கோபால்ட் நீலம், பூச்சுக்கு அடியில்.

அந்த நீலத்தை நான் கோட்டைக்குப்பத்து மணலில் பார்த்திருக்கிறேன். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1825-ல்தான் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவர்களுடைய கம்பெனிக் கப்பல்கள் சீனப் பீங்கானை லட்சக்கணக்கில் ஐரோப்பாவுக்கு ஏற்றிக்கொண்டு போனவை. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அதன் பக்கத்தில் ஒருமுறை என் நண்பர் குனிந்து, விரல் அகலம் இருந்த ஒரு நீலச் சில்லை எடுத்து என் கையில் வைத்தார். "மழை பேஞ்சா இப்படி ஏதாச்சும் வெளிய வரும் சார்" என்றார். இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நண்பர் எனக்குப் பழக்கமானது 1984-ல். அந்த நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் புயல் கரையைக் கடந்தது. குடிசைச் சேதக் கணக்கெடுக்க வருவாய்த்துறை ஆட்களோடு என்னையும் அனுப்பினார்கள். அவர் வீட்டில் கூரை இல்லை. வலை போய்விட்டது. நனைந்த பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி எனக்கு டீ கொண்டுவந்தார், பூப்போட்ட பீங்கான் கோப்பையில், சாசரோடு. அவர்கள் அலுமினிய டம்ளரில் குடித்தார்கள். எல்லாம் போன நிலையிலும் வீட்டிலிருந்த ஒரே நல்ல கோப்பையை விருந்தாளிக்குக் கொடுக்கிறார்களே என்று எனக்குத் தொண்டையை அடைத்தது. மதில்மேல் கவிழ்த்து வைத்த கோப்பை ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குத் தொடங்கிய சிநேகம் அவர் கண்ணை மூடும்வரை இருந்தது. ஆனாலும் எங்கள் வீட்டு மதிலைப் பற்றி அவரிடம் நான் வாயைத் திறந்ததே இல்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று நாள் போய்விட்டது.

பேரனிடம் அன்று ராத்திரி சொல்லிவிட்டேன். "ஒரே செட்டாக வாங்கு. வீட்டு மனிதர்களுக்கு ஒன்று, வெளி மனிதர்களுக்கு ஒன்று என்று பிரிக்காதே" என்றபோது, ஏன் தாத்தா என்று கேட்டான். மீன்காரம்மா கோப்பையைப் பற்றிச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தாத்தா, எத்தனை கிலோ வரும், பெட்டியில எப்படி வைக்கறது?" என்று கேட்டான். தட்டைப் படுக்க வைக்காதே, புத்தகம் மாதிரி நிறுத்தி வை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் துண்டு மடித்து வை என்று சொன்னேன்.

தையில் கல்யாணம் நல்லபடி நடந்தது. நீல வெங்காயம் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது. பெண்ணை உள்ளூரிலேயே கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். பாட்டியும் அங்கே இருந்தார். டீ வந்தது, எவர்சில்வர் டம்ளரில்.

"செட் எங்கேம்மா?" என்றேன்.

"பீரோவுல பத்திரமா இருக்கு தாத்தா" என்றாள் பெண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பாட்டியிடம், "தங்கச்சி, 84 புயல்ல கூரையே இல்லாதப்போ எனக்குப் பூப்போட்ட கோப்பையில டீ குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இல்லாமயா? அது எங்களுது இல்லண்ணே. கரீமணல் தாண்டி... இல்ல, பழவேற்காட்டுல ஒரு பாய் வூட்ல ஓடிப்போய் வாங்கியாந்தேன். ஆபீஸருங்க எங்க டம்ளர்ல குடிக்க மாட்டாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. முன்ன வந்தவரு குடிக்காம எழுந்து போயிட்டாரு. பேரு எழுதாம போயிடப் போறீங்களேன்னு பயம்."

நாற்பது வருடமாக நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பாட்டியிடமும் மதில் கோப்பையைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "அந்தம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பாட்டி எழுந்து போய் பேத்தியிடம் பீரோ சாவியை வாங்கினார். தட்டு செட்டோடு பையன் கோப்பையும் வாங்கி வந்திருக்கிறான். ஆறு கோப்பை வெளியே வந்தது. நாங்கள் நாலு பேர், தெருவில் வலை கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். டம்ளரில் ஆறிப்போயிருந்த டீயைத் திரும்பச் சுடவைத்து ஊற்றினார்கள். குடித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் நான் கோப்பையைக் கவிழ்த்தேன். வலை கட்டுகிறவர்களில் ஒருவரும் என்னைப் பார்த்துத் தன்னுடையதைக் கவிழ்த்து, "இன்னா எழுதியிருக்கு சார்?" என்றார்.

படித்துச் சொன்னேன்.