விருந்தாளிக்கு ரசமா?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எட்டுப் பேருக்குச் சாப்பாடு. முதலில் சூப் மாதிரி ஏதாவது கொடுக்கலாம் என்றதும் மகள் ஸ்வீட் கார்ன் பாக்கெட்டைத் தேட ஆரம்பித்தாள். "மிளகு ரசம் போதும்டி" என்றேன். "வர்றவங்களுக்கு ரசமாம்மா?" என்று ஒரு பார்வை.

மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம்ம மிளகுத்தண்ணியில் கறியைப் போட்டுக் கெட்டியாக்கி 'முல்லிகடானி' என்று சூப்பாக்கிக்கொண்டார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நாம்தான் அதைச் சோற்றோடு நிறுத்திவிட்டோம்.

குடிக்கிற ரசத்துக்குப் புளி பாதி போதும், பருப்புத்தண்ணி தாராளமாக. நுரை கட்டியதும் இறக்கி, கட்டாயம் வடிகட்ட வேண்டும். இலையில் என்றால் கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கலாம். கையில் டம்ளரோடு நிற்கிறவர் தக்காளித் தோலை எங்கே துப்புவார்? நெய்யில் பொரித்த சீரகத்தை மட்டும் மேலே தூவி, சின்னக் கண்ணாடி டம்ளரில் கொடுத்தேன். இரண்டு பேர் மறுபடி கேட்டு வாங்கினார்கள்.

கோசுமல்லியில்தான் கோட்டை விட்டேன். ஊறின பாசிப்பருப்பு, வெள்ளரி, மாங்காய், தேங்காய் எல்லாம் சரி. அவசரத்தில் உப்பையும் முன்னாலேயே போட்டுவிட்டேன். வந்தவர்களோ அரை மணி நேரம் லேட். அதற்குள் வெள்ளரி தண்ணீர் விட்டு, பாத்திரத்தில் குளமே கட்டிவிட்டது. வடித்து, கொஞ்சம் தேங்காய் துருவிப் போட்டுச் சமாளித்தேன்.

வடித்த தண்ணீரை மகள் மோரில் கலந்து, யாருக்கும் சொல்லாமல் குடித்துவிட்டாள்.