பைன் மர நிழலில்

மலைக்கோட்டையின் உச்சியில் நின்றால் காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தை அணைத்துக் கிடப்பது தெரியும். பழனி மலை தெரியாது. ஆயினும் தெப்பக்குளத்தருகே வாழும் எங்கள் குடும்பத்துக்கு அம்மலை அந்நியமன்று. கொடைக்கானலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் எம் தந்தையார் விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அதில் அவர் நட்ட பைன் மரங்கள் நிற்கின்றன. "பிள்ளைகள் கரையேற இவை உதவும்" என்பார்.

சென்ற ஆண்டு தங்கை மகளின் படிப்புச் செலவு நெருக்கியபோது அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. மர வியாபாரி ஒருவர் மொத்தமாக வெட்டிக்கொள்ள விலை பேசினார். உடன்பிறந்தோர் மூவரும் இசைந்தோம். இறுதியாக ஒருமுறை பார்த்துவரச் சென்றோம்.

தோப்புக்குள் காலடி ஓசைகூடக் கேட்கவில்லை. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாய்க் கிடந்தன. புல் இல்லை, பறவைக் குரலும் அரிது. இவற்றின் தாயகம் மெக்சிகோ. காகிதக் கூழுக்கும் பெட்டிப் பலகைக்கும் பைன், தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை என்று அயல் மரங்கள் இம்மலைகளில் பரப்பப்பட்ட காலம் அது. தந்தையார் ஊரோடு ஒத்து நட்டார்.

ஆனால் ஓடையோரம் வேறு காட்சி. பைன்களுக்கிடையே பளபளக்கும் அகன்ற இலைகளுடன் இளங்கன்றுகள் இடுப்பளவு நின்றன. பக்கத்து நிலத்துப் பெரியவர் சொன்னார்: "தம்பி, பைன் உங்கப்பா வெச்சது. இது யாரும் வெச்சதில்லை. பக்கத்துச் சோலையிலே பழம் தின்ன புறா போட்டது."

இலைக்கொத்துகள் இரண்டைச் செய்தித்தாளில் மடித்துத் திருச்சிக்குக் கொணர்ந்தோம். தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் காப்பகம் உள்ளது. தாவரவியல் பேராசிரியரான சேசு சபைத் துறவி ராபினாட் அடிகளாரின் பெயரால், அருள்தந்தை கே. எம். மேத்யூ 1967-இல் நிறுவியது. பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1999-இல் வெளிவந்தது. வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்த இச்செல்வத்தை அதுவரை நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. தாவரவியல் கற்ற நண்பர் அங்குள்ள தாள்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்: ஒன்று நாவல் இனம், மற்றொன்று உருத்திராட்சத்துக்கு உறவு. இரண்டும் சோலை மரங்கள்.

அவர் விளக்கியது எங்கள் கணக்கை மாற்றியது. சோலைக் கன்றுகளுக்கு உறைபனியும் புல்வெளித் தீயும் பகை. பைன் நிழல் செவிலித்தாய்போல் அவற்றைக் காக்கிறது. ஒரேயடியாக வெட்டினால் கன்றுகளும் கருகும். அதே பைன், புல்வெளியில் பரவினால் கேடு. புல் அழிந்தால் வரையாட்டுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை, குறிஞ்சிக்கும் இடமில்லை. ஆகவே அங்கே அகற்றுவதும் இங்கே பொறுப்பதும் அறம். அமெரிக்காவின் தென்கிழக்கில் நெட்டிலைப் பைன் காடுகளை ஊடே வெட்டியும் அளவாகத் தீயிட்டும், மர வருவாயையும் மரங்கொத்திகளையும் ஒருசேரக் காக்கிறார்கள். அங்கே பைன் மண்ணின் மகள், இங்கே விருந்தாளி. விருந்தாளியை அனுப்பும் முறையும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டின் வருவாயைச் சூழலின் நலனுக்குக் கீழ்ப்படுத்தியது. 2013-இல் கொடைக்கானல் காடுகள் வனவிலங்குச் சரணாலயமாயின. எங்கள் நிலம் பட்டா எனினும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி வெட்டலாகாது. ஆனால் சட்டம் அனுமதித்தாலும் எப்படி வெட்டுவது என்பதை நாங்கள்தாமே முடிவு செய்ய வேண்டும்?

அன்றிரவு வீட்டில் வாக்குவாதம் எழுந்தது. "புறாவின் கன்றுக்காக நம் பிள்ளையின் படிப்பு நிற்பதா?" என்றான் தம்பி. அதில் நியாயம் இருந்தது. தங்கை நெடுநேரம் பேசவில்லை. பின், "என் வளையல்கள் இருக்கின்றன, மீட்டுக்கொள்ளலாம். மரத்தை மீட்க முடியாது" என்றாள்.

பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக, மூன்றில் ஒன்றாய் வெட்டுவது என்று முடிவாயிற்று. ஓடையோரம் பதினைந்து அடி அகலத்துக்குக் கோடரி படாது. பட்டுப்போன இரு மரங்கள் பறவைப் பொந்துகளுக்காக நிற்கும். கூலி கூடும் என்று வியாபாரி விலையைக் குறைத்தார். அனுமதி வந்து முதல் பகுதி வெட்டப்பட்டது. வந்த தொகை கட்டணத்தில் பாதிக்குத்தான் போதுமானதாயிருந்தது. மீதிக்கு வளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன.

தந்தையார் தம் பிள்ளைகளுக்காகவே மரம் நட்டார். அந்த நிழலில் பிறர் பிள்ளைகளும் வளர்வதை அவர் கண்டிருப்பின், மகிழ்ந்திருப்பார் என்றே நம்புகிறோம்.