ஜாமீன் கிடைத்தும் ஓட்டு இல்லை

2021 சட்டமன்றத் தேர்தல் நேரம். கீரமங்கலம் பக்கம் கூலிக்குப் பூப்பறிக்கிற ஒருவர், வரப்புத் தகராறு அடிதடி வழக்கில் ரிமாண்டில் இருந்தார். ஜாமீன் உத்தரவு வாங்கிவிட்டேன். இரண்டு ஜாமீன்தாரர் நிறுத்தினால் வெளியே வந்துவிடலாம். சொந்தக்காரர்கள் வரத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கு வீடு புறம்போக்கில். இன்னொருவரின் வீட்டு வரி ரசீது இறந்துபோன தகப்பனார் பெயரில். இரண்டு பேரையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பூத் சிலிப்பை எடுத்து மேசையில் நீவி விரித்தார். கணவர் பெயர், பாகம் எண், வரிசை எண் எல்லாம் சரியாக இருந்தன.

"வக்கீலய்யா, இதக் காட்டுனா போலீசுக்காரவுக கூட்டியாந்து ஓட்டுப் போட வுடுவாகளா?"

விடமாட்டார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 62(5)-இன்படி சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. குற்றம் நிரூபணமானதா என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

அதே ஊரில் கொலை முயற்சி வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் இருந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்து, தண்டனையை நிறுத்திவைத்து வெளியே வந்திருந்தார். ஏப்ரல் 6-ஆம் தேதி அவர் ஓட்டுப் போட்டார். போடட்டும், அவரும் குடிமகன்தானே. குண்டர் சட்டத்தில் அடைபட்டவரும் தபால் ஓட்டுப் போடலாம். தடுப்புக் காவலுக்கு அந்தப் பிரிவே விலக்குத் தருகிறது. எந்தக் கோர்ட்டும் குற்றவாளி என்று சொல்லாத என் கட்சிக்காரருக்கு மட்டும் ஓட்டு இல்லை. இதை அந்த அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லும் என்றது. கைதிகளை வாக்களிக்க வைக்கப் போலீசும் ஏற்பாடுகளும் போதாது, குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பவை அது சொன்ன காரணங்கள். தடுப்புக் காவல் கைதிக்குப் போகிற தபால் உறை அடுத்த அறைக்கும் போகாதா? தண்டனை பெற்றதாலேயே ஒருவர் எல்லா அடிப்படை உரிமைகளையும் இழந்துவிடுவதில்லை என்று புவன் மோகன் பட்நாயக் வழக்கில் 1974-லேயே சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான். அதை நம்பித்தான் நாங்கள் கைதிகளுக்காக வாதாடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் கைதிகளின் ஓட்டைப் பறித்த சட்டத்தை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2004-இல் ரத்து செய்தது. தண்டனைக் கைதிக்கும் இங்கே ஓட்டு வேண்டும் என்பது என் கட்சி. விசாரணைக் கைதியின் ஓட்டைப் பறிப்பதற்கோ எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட்டேன். ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதை நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்த 1978-ஆம் ஆண்டு மோதிராம் தீர்ப்பை இணைத்திருந்தேன். மனு அனுமதியானபோது தேர்தல் முடிந்திருந்தது. பின்னாளில் அந்த வழக்கிலிருந்து அவர் விடுதலையானார்.

ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று விசாரணை நீதிமன்றமே தானாகப் பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. தேர்தல் தேதி அறிவித்தால் அந்த ஒரு மாதம்வரை நான் காத்திருப்பதில்லை. உத்தரவு கையில் இருந்தும் உள்ளே கிடப்பவர்கள் யார் யார் என்று விசாரித்து, அவர்களுக்குத்தான் முதலில் மனுப் போடுகிறேன்.